கேன்சர் ஜீன் எல்லோரிடமும் இருக்கிறது: மரபணு வெளிப்பாடு, ஓர் எளிய விளக்கம்

"அந்தக் குடும்பத்தில் கேன்சர் ஜீன் இருக்காம்" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலர் உடம்பில் மட்டும் ஒரு ஜீன் அழையாத விருந்தாளியாக வந்து குடியேறிவிட்டது என்பது போல அந்தப் பேச்சு இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கான பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஹெர்-2 பாசிட்டிவ்' (ஹெர்-2 ஒரு மரபணுவின் பெயர்) என்று பார்த்தவர், "அப்படியானால் என் பிள்ளைகளுக்கும் இது வருமா?" என்று கலங்குவார். போதாக்குறைக்கு, இந்தப் பொடி கேன்சர் ஜீனை அணைத்துவிடும், இந்தச் சாறு நல்ல ஜீனைத் தட்டி எழுப்பிவிடும் என்று விளம்பரங்கள் வேறு.

மூன்றிலும் இருப்பது ஒரே குழப்பம். ஒரு மரபணு உடம்பில் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. புற்றுநோய்ப் பேச்சில் அடிபடும் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை உங்களிடமும் இருக்கின்றன, என்னிடமும் இருக்கின்றன. பிஆர்சிஏ1 என்ற பிரபலமான மரபணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எல்லோருக்கும் உண்டு. டிஎன்ஏ முறிந்தால் சரிசெய்ய உதவுவது அதன் வேலை. சில குடும்பங்களில் பரம்பரையாக வருவது அதன் பழுதான வடிவம். அப்படிப் பெற்றோரிடமிருந்து வரும் பழுதுகளால் நேரும் புற்றுநோய்கள், மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். மற்றவற்றில் மாற்றங்கள் பிறந்த பிறகு, உடம்பின் ஏதோ ஒரு செல்லில் சேர்ந்தவை.

சரி, எல்லோரிடமும் இருக்கும் மரபணுக்கள் ஒருவர் உடம்பில் மட்டும் எப்படிக் கட்டியை வளர்க்கின்றன? அதைப் புரிந்துகொள்ள 'மரபணு வெளிப்பாடு' என்ற ஒரு கருத்து போதும்.

## ஒரே பிரதி, வெவ்வேறு வசனம்

ஒரு நாடகக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நடிகர் கையிலும் முழு நாடகத்தின் பிரதி இருக்கிறது. ராஜாவாக நடிப்பவரிடம் சேவகனின் வசனமும் உண்டு, ராணியின் வசனமும் உண்டு. ஆனால் மேடையில் அவர் தன் வசனத்தை மட்டும், தன் முறை வரும்போது மட்டும், காட்சிக்கு வேண்டிய அளவு சத்தத்தில் பேசுகிறார். மற்றவர் வசனமும் கையில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒப்பிக்க ஆரம்பித்தால் நாடகம் என்ன ஆகும்?

நம் செல்கள் இருப்பதும் இப்படித்தான். ஈரல் செல், தோல் செல், மூளை நரம்பு செல் என எல்லாவற்றின் உட்கருவிலும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே டிஎன்ஏ. (முதிர்ந்த சிவப்பணுக்களுக்கு உட்கருவே கிடையாது, அவற்றை இங்கே விட்டுவிடலாம்.) ஒரு முழுத் தொகுதி டிஎன்ஏ என்பது சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதிகள் ஏறக்குறைய 20,000. மரபணு என்று நாம் இங்கே சொல்வது இவற்றைத்தான்.

இன்சுலினுக்கான மரபணு உங்கள் விரல் நுனியில் உள்ள தோல் செல்லிலும் இருக்கிறது. அங்கே அது வாயே திறப்பதில்லை. கணையத்தில் உள்ள பீட்டா செல்லில் மட்டும்தான் பேசுகிறது, அதுவும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கூடுதலாக. எழுத்தில் வித்தியாசம் இல்லை. யார், எப்போது, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

## செல்லுக்குள் நடப்பது

இப்போது உவமையை ஓரமாக வைத்துவிட்டு உண்மையான வேலையைப் பார்க்கலாம்.

டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே வராது. ஒரு புரதம் தேவைப்படும்போது, அதற்கான மரபணுப் பகுதியைப் பார்த்து ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலுக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். அது உட்கருவிலிருந்து வெளியே வருகிறது. ரைபோசோம் என்னும் நுண் அமைப்பு அதைப் படித்துப் புரதத்தைக் கோக்கிறது. செல்லில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது புரதங்கள்தான். இப்படி ஒரு மரபணுவில் உள்ள தகவல் செயல்படும் பொருளாக மாறுவதே மரபணு வெளிப்பாடு. நூறு நகல் எடுத்தால் நிறையப் புரதம், ஒன்றிரண்டு எடுத்தால் கொஞ்சம், எடுக்கவே இல்லையென்றால் எதுவும் இல்லை. ஆக, இது இருக்கு, இல்லை என்ற விஷயம் மட்டுமல்ல, அளவும் முக்கியம்.

இந்த அளவை யார் முடிவு செய்கிறார்கள்? பல அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் நகல் எடுப்பது தொடங்கும் பகுதி ஒன்று இருக்கிறது, அது முன்னியக்கி. இன்னும் தள்ளி, சில சமயம் லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால், நகலெடுப்பை வேகப்படுத்தும் பகுதிகள் இருக்கும், அவை ஊக்கிகள். இந்த இரண்டிலும் வந்து ஒட்டிக்கொண்டு 'எடு', 'நிறுத்து' என்று கட்டளையிடும் புரதங்கள் படியெடுப்புக் காரணிகள்.

அப்புறம் ஒரு பூட்டு வேலையும் உண்டு. ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அத்தனையும் ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளில் சுற்றப்பட்டுத்தான் உட்கருவுக்குள் அடங்குகிறது. இறுக்கமாகச் சுற்றிய பகுதியை நகலெடுக்கும் கருவிகள் நெருங்க முடியாது. அதோடு, முன்னியக்கியில் உள்ள எழுத்துகள் மேல் மெத்தைல் என்ற சிறு வேதிக்குறி ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் மௌனமாகிவிடும். எழுத்து ஒன்றுகூட மாறாமல் வெளிப்பாடு மட்டும் மாறுகிற இந்த ஏற்பாட்டை மேல்மரபியல் என்கிறார்கள். கடைசி அடுக்காக, எடுத்த நகலையே பிடித்து அழிக்கும் குட்டி ஆர்என்ஏக்களும் உண்டு. மைக்ரோ ஆர்என்ஏ எனப்படும் இவற்றைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுருக்கமாக, மரபணுவிலிருந்து நகல், நகலிலிருந்து புரதம். எவ்வளவு நகல் எடுப்பது, எதை மௌனமாக்குவது என்பதைப் பல அடுக்குகள் சேர்ந்து முடிவு செய்கின்றன. புற்றுநோய் இந்த அடுக்குகளில் எதில் வேண்டுமானாலும் கை வைக்கும்.

## வளர்ச்சி: நிற்காமல் பேசும் மரபணுக்கள்

பெரியவர்கள் உடம்பில் ஒரு செல் பிரிவதற்கு முன்னால் நிறையச் சம்மதம் தேவை. பிரியச் சொல்லும் மரபணுக்கள் இருக்கின்றன, தடுக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. பிரியச் சொல்பவை எல்லை மீறி வேலை செய்யும் நிலையில் அவற்றை ஆன்கோஜீன் என்கிறோம். தடுப்பவை கட்டி அடக்கும் மரபணுக்கள். ஆன்கோஜீன்கள் வெளியிலிருந்து வந்தவை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸில் உள்ள மரபணு, கோழியின் சொந்த மரபணுவிலிருந்து திருடப்பட்டதுதான் என்று 1976இல் மைக்கேல் பிஷப், ஹரோல்டு வார்மஸ் குழு காட்டியபோது அந்த எண்ணம் மாறியது. விஷயம் நம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மிக் என்ற மரபணுவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். செல் பிரிய வேண்டிய நேரத்தில் கொஞ்ச நேரம் வெளிப்பட்டு அடங்கிவிடுவது இதன் இயல்பு. இதன் புரதமே ஒரு படியெடுப்புக் காரணி. ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் பாதிக்கக்கூடியது. 1958இல் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர் உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வேகமாக வீங்கும் ஒரு கட்டியை விவரித்தார். பர்க்கிட் லிம்போமா என்று பெயர் பெற்ற அந்த நோயில், 8ஆம் குரோமோசோமின் (குரோமோசோம் என்பது டிஎன்ஏ இழை சுருண்ட ஒரு கட்டு) துண்டு ஒன்று பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. 14ஆம் குரோமோசோமில் அந்த இடம் சாதாரண இடம் அல்ல. எதிர்ப்பு சக்திக்கான ஆன்டிபாடிகளை இரவு பகலாகத் தயாரிக்கும் பி செல்களில், ஆன்டிபாடி மரபணுவின் ஊக்கி அங்கே முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் போய் விழுவது மிக் மரபணு. இங்கே முதன்மையான கோளாறு மிக் கெட்டுப்போனது இல்லை. அது தப்பான இடத்தில் உட்கார்ந்ததுதான். ஊக்கி பக்கத்தில் இருப்பது யார் என்று பார்ப்பதில்லை, வேகப்படுத்துவதோடு சரி. விளைவு, ஒன்றிரண்டு நாட்களிலேயே இரட்டிப்பாகக்கூடிய கட்டி.

இதைவிட நுணுக்கமான உதாரணம் டெலோமரேஸ். குரோமோசோம்களின் நுனி ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். அந்த நுனியை மறுபடி நீட்டுவது டெலோமரேஸ் என்னும் நொதி. பெரும்பாலான உடல் செல்களில் இதற்கான மரபணு அடங்கிக் கிடக்கும். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் அது எப்படி விழித்துக்கொள்கிறது என்பது 2013இல் தெரியவந்தது. புரதத்துக்கான குறிப்பில் எந்த மாற்றமும் இல்லை. முன்னியக்கியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்தால் அங்கே ஒரு படியெடுப்புக் காரணி வந்து ஒட்டுவதற்குப் புதிதாக இடம் கிடைத்துவிட்டது. நொதி அதே நொதிதான், இப்போது ஓயாமல் தயாராகிறது.

எண்ணிக்கை கூடுவதாலும் வெளிப்பாடு கூடும். மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு வழக்கமான இரண்டு பிரதிகளோடு நிற்காமல் பல மடங்கு பெருகிவிடுகிறது. செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிச் செய்தியை வாங்கும் புரதம் அது. கூட்டம் கூட்டமாக முளைத்துவிட்டால் வெளியிலிருந்து செய்தி வராமலேயே ஒன்றையொன்று தூண்டிக்கொள்ளும்.

தடுப்பவர்கள் பக்கம் வந்தால், முதலில் நிற்பது பி53. டிஎன்ஏ சேதமானால் இந்தப் புரதம் மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பி, பிரிவதை நிறுத்தச் செய்யும். சேதம் அதிகமானால் செல்லையே சாகச் சொல்லும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு பழுதாகியிருக்கிறது. (யானைகளுக்கு இந்த மரபணு சுமார் 20 பிரதிகள் இருப்பதாக 2015இல் தெரியவந்தது. அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு செல்கள் இருந்தும் புற்றுநோய் அரிதாக வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.) பழுதாகாமலேயே தடுப்பவரின் வாயை அடைக்கவும் வழி உண்டு. சில பெருங்குடல் புற்றுநோய்களில் எம்எல்எச்1 என்ற மரபணுவின் எழுத்துகள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். முன்னியக்கியில் மெத்தைல் குறிகள் குவிந்து மௌனமாகியிருக்கும். டிஎன்ஏ நகலெடுப்பில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டிய மரபணு அது. அது பேசாமல் போனால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

கட்டி பெரிதானால் நடுவில் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் போதாது. எல்லாச் செல்லும் ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப் என்ற படியெடுப்புக் காரணியைச் சேர்த்துவைக்கும். அது ரத்தக் குழாய் வளர்க்கும் விஇஜிஎஃப் மரபணுவைத் தூண்டும். இந்த உணரும் முறையைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவரும் 2019இல் நோபல் பெற்றார்கள். மலையேறும் ஒருவருக்கு உதவும் அதே ஏற்பாட்டைக் கட்டியும் பயன்படுத்தி, தனக்கென்று ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. புற்றுநோயில் எல்லாமே வெளிப்பாட்டின் அளவுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ராஸ் போன்ற சில மரபணுக்களில் பிறழ்வு, அதாவது எழுத்து மாற்றம், புரதத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. அளவு சரியாக இருந்தாலும் அது அணையாமல் நிற்கும். ஆனால் அந்தப் புரதமும் கடைசியில் போய்ச் செய்வது வேறு நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை மாற்றுவதைத்தான்.

## பரவுதல்: முதல் காட்சியின் வசனம் மறுபடி

புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் முதல் கட்டி அல்ல. அதிலிருந்து கிளம்பி நுரையீரல், எலும்பு, ஈரல், மூளை என்று போய் முளைப்பவைதான். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வளர்ச்சிக்குக் காரணமான பிறழ்வுகளைப் பட்டியல் போட்டது போல, பரவுவதற்கென்றே தனிப் பிறழ்வுகளைத் தேடினார்கள். பெரிதாகக் கிடைக்கவில்லை. முதல் கட்டியில் இருந்த முக்கியப் பிறழ்வுகளே பெரும்பாலும் பரவிய கட்டியிலும் இருக்கின்றன. வெளிப்பாட்டில்தான் பெரிய மாற்றங்கள் தெரிகின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் சுவாரசியமான செய்தி இதுதான்.

நுரையீரல், குடல், மார்பகம் போன்ற உறுப்புகளின் உள்ளடுக்குச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். ஒட்டவைப்பதில் முக்கியமான புரதம் ஈ-கேட்ஹெரின். மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த மெல்லிய சீவலில் இந்தப் புரதத்துக்கான சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பால்நாள வகைக் கட்டியில் செல்கள் ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு நிற வேலி போட்டது போலத் தெரியும். லோபுலார் என்ற இன்னொரு வகையில் பெரும்பாலும் வேலியே இருக்காது. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் திசுவுக்குள் ஊடுருவிப் போயிருக்கும். ஒரு மரபணுவின் வெளிப்பாடு போய்விட்டதைக் கண்ணால் பார்க்கக்கூடிய அரிய இடங்களில் இது ஒன்று.

லோபுலார் வகையில் அந்த மரபணுவே பெரும்பாலும் பழுதாகியிருக்கும். மற்ற பல புற்றுநோய்களில் பழுதாகாமலே அது அடக்கப்படுகிறது. ஸ்னெய்ல், ட்விஸ்ட், ஜெப்1 என்ற படியெடுப்புக் காரணிகள் தலைதூக்கி ஈ-கேட்ஹெரினைக் குறைக்கின்றன. செல் தன் பிடியைத் தளர்த்துகிறது, வடிவம் நீள்கிறது, நகரும் தன்மை வருகிறது. சுற்றியுள்ள திசு வலையை அறுக்கும் நொதிகளையும் சுரக்கிறது. இந்த மாற்றத்துக்கு இஎம்டி என்று பெயர். ஒட்டி நிற்கும் செல், அலையும் செல்லாக மாறுவது என்று புரிந்துகொண்டால் போதும்.

புற்றுநோய் செல்லுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாம் எல்லோரும் கருவில் சில வாரங்களே ஆனவர்களாக இருந்தபோது, நரம்பு முகடு என்ற இடத்தில் ஒட்டியிருந்த செல்கள் இதே காரணிகளின் உதவியோடு பிடிவிட்டு நகர்ந்து போய்த்தான் முக எலும்புகளையும் தோலின் நிறமி செல்களையும் சில நரம்புகளையும் உண்டாக்கின. அந்த வேலை முடிந்ததும் அந்த வசனம் நிறுத்தப்பட்டது. ஆனால் பிரதியில் அது அப்படியே இருக்கிறது. முதல் காட்சியில் பேசி முடித்ததை நாற்பது, ஐம்பது வருடம் கழித்து ஒரு செல் திடீரென்று மறுபடி பேச ஆரம்பிக்கிறது. காயம் ஆறும்போதும் இதன் ஒரு சாயல் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போகும்.

பயணம் எளிதில்லை. ரத்தத்தில் இறங்கும் புற்றுநோய் செல்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். தப்பியவையும் போன இடத்தில் அலைந்துகொண்டே இருந்தால் கட்டி உண்டாகாது. அங்கே பல செல்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும் பழைய வெளிப்பாட்டுக்குத் திரும்புகின்றன. அதனால்தான் பரவிய கட்டிகளில் ஈ-கேட்ஹெரின் திரும்பவும் காணப்படுவதுண்டு. முன்னும் பின்னும் போய்வர முடிகிற இந்த நெகிழ்வைப் பிறழ்வால் மட்டும் விளக்குவது கஷ்டம். மாறிய எழுத்து அப்படி எளிதில் பழையபடி ஆவதில்லை, வெளிப்பாடு ஆகும்.

போய்ச் சேரும் இடமும் சும்மா இருப்பதில்லை. மார்பகப் புற்றுநோய் செல்கள் எலும்பில் இறங்கினால் பிடிஎச்ஆர்பி என்ற புரதத்தை நிறையச் சுரக்கின்றன. அது எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும். எலும்பு கரையும்போது அதில் சேமித்து வைத்திருந்த டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி வெளியே வரும். அது புற்றுநோய் செல்லில் பிடிஎச்ஆர்பியின் வெளிப்பாட்டை இன்னும் கூட்டும். மேலும் கரைதல், மேலும் சுரப்பு. எலும்பில் பரவிய நோயாளிகளுக்கு எலும்புக் கரைப்பைத் தடுக்கும் ஊசி போடுவதன் பின்னணி இந்தச் சுழல்தான்.

ஆக, பரவும் செல் புதிய திறமை எதையும் கண்டுபிடிப்பதில்லை. கருக்காலத்து மரபணுக்களை நேரங்கெட்ட நேரத்தில் எழுப்புகிறது, இடத்துக்கு ஏற்ப அடக்குகிறது.

## அப்படியானால் வெளிப்பாட்டைத் திருத்த முடியுமா?

சில நோய்களில் முடிந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென் மாத்திரை அப்படிப்பட்ட ஒன்று. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்பதே ஒரு படியெடுப்புக் காரணிதான். மாத்திரை அதில் போய் உட்கார்ந்துகொண்டால், வளர்ச்சிக்கான மரபணுக்களை ஈஸ்ட்ரோஜன் தூண்ட முடியாது. ரத்தம் உருவாகும் முறை கெடும் சில நோய்களுக்கு 2004 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஸாசைட்டிடின், மெத்தைல் குறிகளைக் குறைக்கும் மருந்து.

அதிசயம் என்று சொல்லத்தக்கது ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோயின் கதை. இரண்டு மரபணுக்கள் தப்பாக ஒட்டிக்கொண்டதால் பிறந்த ஒரு புரதம், வெள்ளணுக்கள் முதிர்வதற்கான மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அவற்றை அடைத்துவிடுகிறது. செல்கள் பாதி வளர்ந்த நிலையிலேயே பெருகும். ஷாங்காயில் மருத்துவர் வாங் ஜென்-யி குழு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தது. 1988இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். அத்தனை பேருக்கும் நோய் அடங்கியது, 23 பேருக்கு அந்த ஒரே மருந்தில். செல்கள் கொல்லப்படவில்லை. அடைப்பு நீங்கியதும் முதிர்ந்து, வழக்கமான வெள்ளணு போல வாழ்ந்து முடித்தன. பின்னர் ஆர்சனிக் ட்ரையாக்சைடும் சேர்ந்தபோது, ஒரு காலத்தில் சில வாரங்களில் உயிரைப் பறித்த இந்த நோய் பெரும்பாலோருக்குக் குணமாகக்கூடியதாகிவிட்டது.

உடனே வைட்டமின் ஏ மாத்திரையைத் தேடாதீர்கள். ஏபிஎல்லில் அது பலித்ததற்குக் காரணம், அடைத்துக்கொண்டிருந்த புரதம் அந்த அமிலம் வந்து ஒட்டக்கூடிய புரதமாக இருந்தது. வேறு புற்றுநோயில் அந்தப் பூட்டே இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், வைட்டமின் ஏவின் மூலப்பொருளான பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது. முடிவுகள் 1994இல் வந்தன. "ஜீனை ஆன் செய்யும்", "ஜீனை ஆஃப் செய்யும்" என்று விற்கப்படும் பொடிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிது: எந்த மரபணு, எந்தச் செல்லில், எவ்வளவு? பதில் வராது.

## ரிப்போர்ட்டில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

மார்பகப் புற்றுநோய் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்-2, கேஐ-67 என்று சில வரிகள் இருக்கும். இவை அத்தனையும் வெளிப்பாட்டை அளப்பவை. ஈஆர், பிஆர் என்பவை ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களுக்கான ஏற்பிகள். கேஐ-67 பிரிவதில் ஈடுபட்டிருக்கும் செல்லில் மட்டும் காணப்படும் புரதம். '30 சதவீதம்' என்றால் எண்ணிய புற்றுநோய் செல்களில் அத்தனை சதவீதம் அந்த வேலையில் இருக்கின்றன என்று பொருள். ஹெர்-2 சாயம் ஏறிய அளவைப் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ வந்தால் தீர்மானமாகச் சொல்ல முடியாது. ஃபிஷ் என்ற அடுத்த சோதனைக்குப் போகும். அதில் ஹெர்-2 மரபணு ஒரு நிறத்திலும், அது இருக்கும் 17ஆம் குரோமோசோம் இன்னொரு நிறத்திலும் ஒளிரும். சாதாரண செல்லில் இரண்டு புள்ளி, இரண்டு புள்ளி. மரபணு பெருகிய செல்லில் ஒரு நிறத்தின் புள்ளிகள் மட்டும் கொத்துக் கொத்தாகச் சிதறிக் கிடக்கும்.

இந்த மாற்றம் நடந்திருப்பது அந்தக் கட்டியின் செல்களில். கருமுட்டையிலோ விந்தணுவிலோ அல்ல. ஆகவே ஹெர்-2 பாசிட்டிவ் என்ற வரி பிள்ளைகளுக்குப் போகாது. பரம்பரையைப் பார்க்கும் சோதனை தனி. அதற்குப் பெரும்பாலும் ரத்தம் அல்லது உமிழ்நீர் எடுப்பார்கள், பிஆர்சிஏ போன்ற மரபணுக்களின் எழுத்துகளைப் படிப்பார்கள். இரண்டையும் 'ஜீன் டெஸ்ட்' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

ஒரே நேரத்தில் பல மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து மதிப்பெண் தரும் சோதனைகளும் உண்டு. அவற்றில் ஒன்று 21 மரபணுக்களை அளக்கிறது. 16 நோயோடு தொடர்புள்ளவை, 5 ஒப்பீட்டுக்கு. 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 நெகட்டிவான, நெறிக்கட்டிகளுக்குப் பரவாத ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில், இந்த மதிப்பெண் நடுத்தரமாக வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் மருந்தோடு கீமோவும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது. 50 வயதும் அதற்குக் குறைவும் உள்ள சிலருக்கு மட்டும் கொஞ்சம் பலன் இருந்தது. தேவையில்லாத கீமோவிலிருந்து நிறையப் பேரை விலக்கி வைத்த அளவீடு இது.

ஆனால் இந்த வரிகள் எல்லாம் கட்டியின் ஒரு துண்டை, ஒரு நாளில் எடுத்துப் பார்த்த நிலவரம்தான். வெளிப்பாடு மாறக்கூடியது என்பதால் ரிப்போர்ட்டும் பழசாகும். முதல் கட்டியில் ஈஆர் பாசிட்டிவாக இருந்து, சில வருடம் கழித்து ஈரலில் முளைத்த கட்டியில் நெகட்டிவாக வருவதுண்டு; ஹெர்-2வும் சிலரிடம் இப்படி மாறும். அப்போது பழைய ரிப்போர்ட்டை நம்பி ஹார்மோன் மருந்தைத் தொடர்ந்தால் அதற்கு வேலையே இருக்காது. நோய் திரும்பி வந்த இடத்தில் மறுபடியும் ஊசி குத்தித் துண்டு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், "போன தடவைதான் எடுத்தார்களே" என்று தோன்றும். அவர் கேட்பது போன தடவை தெரிந்ததை அல்ல, இந்தச் செல்கள் இப்போது எந்த மரபணுக்களை இயக்கிக்கொண்டிருக்கின்றன என்பதை.